கண்ணாடி வீடுகளின் அடிநிலம்

கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில், ராஞ்சோ மிராஜ் என்ற ஊரில், ரிச்சர்ட் நொய்ட்ரா வடிவமைத்த மாஸ்லன் இல்லம் 2002ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. 1962இல் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிக் கட்டப்பட்ட வீடு அது. வாங்கியவர் இடிக்க அனுமதி கேட்டார், நகராட்சி கொடுத்தது, கைமாறிய சில வாரங்களுக்குள் வீடு தரைமட்டமானது. யாரும் எந்த விதியையும் மீறவில்லை. அமெரிக்க நவீனக் கட்டடக்கலையின் முதல் வரிசைக் கலைஞர் ஒருவரின் வேலை நாற்பதே வயதில் மண்ணோடு போயிற்று. பக்கத்து ஊரான பாம் ஸ்பிரிங்ஸில் அப்போதுதான் வேர்விட்டுக்கொண்டிருந்த கட்டடப் பாதுகாப்பு இயக்கத்தை இது உலுக்கியது. இனி ஒன்றைக்கூட இப்படி விட்டுவிடக் கூடாது என்ற பிடிவாதம் அங்கே கெட்டிப்பட்டது.

அந்தப் பிடிவாதம் வீண்போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி நவீனக் கட்டடங்கள் இவ்வளவு நெருக்கமாக ஒரே சிற்றூரில் மிஞ்சியிருக்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. அந்த இயக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். மதிப்பதால்தான் அது எதைக் காத்தது, எதைக் காக்காமல் விட்டது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தக் கட்டடங்களைப் பற்றி. ஆண்டுக்குச் சுமார் ஐந்து அங்குல மழைதான் பெறும் பாலைநிலம் அது. மேற்கே 3,300 மீட்டர் உயரத்தில் சான் ஹசின்டோ மலை செங்குத்தாக எழுகிறது. பிற்பகலிலேயே அதன் நிழல் ஊரின்மேல் சாய்ந்துவிடும். கோடையில் உலையாகக் கொதிக்கும் ஊர், குளிர்காலத்தில் இதமாகிவிடும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவு. எனவே திரைப்படக்காரர்களும் தொழிலதிபர்களும் இங்கே குளிர்கால வீடு கட்டிக்கொண்டார்கள். ஃபிராங்க் சினாட்ராவுக்காக ஈ. ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் கட்டிய வீடு 1947இல் முடிந்தது. பிட்ஸ்பர்கின் பெருவணிகர் எட்கர் காஃப்மனுக்காக நொய்ட்ரா கட்டியது 1946இல். இதே காஃப்மன்தான் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் அருவியின்மேல் ஒரு வீடு கேட்டவர்.

இந்தக் கலைஞர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஆல்பர்ட் ஃப்ரே. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், சண்டிகர் வழியாக நாம் அறிந்த லெ கொர்புசியேயின் பாரீஸ் அலுவலகத்தில் இளம் வயதில் வேலை செய்தவர், 1934இல் ஒரு சிறு கட்டட வேலைக்காகப் பாம் ஸ்பிரிங்ஸுக்கு வந்து, அந்த நிலத்தின்மேல் தீராத காதல் கொண்டவர். 1964இல் மலைச்சரிவில் தனக்கென ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார். கட்டுவதற்கு முன் ஓராண்டு முழுவதும் அந்த இடத்தில் வெயில் எப்படி நகர்கிறது என்று குறித்துவைத்தார். அங்கே கிடந்த பெரும்பாறையை உடைத்து அகற்றவில்லை. கண்ணாடிச் சுவரைப் பாறையின் வளைவுக்கேற்ப வெட்டிப் பொருத்தினார். படுக்கைக்கும் கூடத்துக்கும் நடுவே பாறை வீட்டுக்குள் வந்து நிற்கிறது. திரைச்சீலைக்கு அந்தச் சரிவில் வசந்தத்தில் பூக்கும் புதரின் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார். ஃப்ரேயும் அவர் கூட்டாளிகளும் கட்டிய நகரமன்றத்தில், நிழலுக்காக உலோகக் குழாய்களைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய தடுப்பு உண்டு. வாசல் கூரையில் பெரிய வட்டத் துளை, அதன் வழியே பனைமரங்கள் மேலே போகின்றன. பாலைவனத்தோடு பேரம் பேசத் தெரிந்த அறிவு இவற்றில் இருக்கிறது. ஆழமான இறவாரம், வெயில்படும் பக்கத்தில் கெட்டிச் சுவர், நிழல்பக்கத்தில் கண்ணாடி, நம் ஊரில் ஜாலி என்று சொல்வோமே, அந்தத் துளைக்கல் மறைப்பு என எல்லாமே வெயிலைப் படித்தவர்களின் கைவேலை.

பணக்காரர்களோடு இது நின்றுவிடவில்லை என்பதுதான் பாம் ஸ்பிரிங்ஸின் தனிச்சிறப்பு. வில்லியம் கிரைசல் என்ற கலைஞரும், தந்தையும் மகனுமாக நடத்திய அலெக்சாண்டர் கட்டுமான நிறுவனமும் சேர்ந்து, 1957 முதல் சுமார் பத்தாண்டுகளுக்குள் 2,000க்கும் மேற்பட்ட வீடுகளை இந்தப் பகுதியில் எழுப்பினார்கள். உள்ளே ஏறக்குறைய ஒரே சதுர வரைபடம். ஒரு மனையில் வீட்டை இப்படித் திருப்புவார்கள், அடுத்ததில் அப்படி. கூரையை மட்டும் மாற்றுவார்கள்: ஒன்றுக்கு வண்ணத்துப்பூச்சி விரித்த சிறகுபோல நடுவில் தாழ்ந்த கூரை, அடுத்ததற்குத் தட்டை, அதற்கடுத்ததற்கு முக்கோணம். தெருவில் நடப்பவருக்கு ஒரே வீட்டைத் திரும்பப் பார்க்கும் சலிப்பு வராது. கட்டுபவருக்கோ மரமும் கண்ணாடியும் ஒரே அளவில் மொத்தமாக வெட்டி வந்துவிடும். நடுத்தர வருமானக்காரர் வாங்கக்கூடிய விலையில் நல்ல கட்டடக்கலை என்ற கனவு அமெரிக்காவில் உருப்பெற்ற மிகச் சில இடங்களில் இது ஒன்று. டொனால்ட் வெக்ஸ்லர் இன்னொரு வழியில் முயன்றார். கறையானும் வெயிலும் அண்டாத எஃகில் முன்கூட்டியே செய்து பொருத்தும் வீடுகள். எஃகு விலை ஏறியதால் ஏழோடு அந்தத் திட்டம் நின்றது.

1970களிலும் 80களிலும் நாகரிகம் பள்ளத்தாக்கின் கிழக்கே நகர்ந்தது. ராஞ்சோ மிராஜ், பாம் டெசர்ட் போன்ற ஊர்களில் புதுக் கோல்ஃப் குடியிருப்புகள் வந்தன; பாம் ஸ்பிரிங்ஸ் மங்கியது. அந்த மங்கல்தான் கட்டடங்களைக் காத்தது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் போட அங்கே ஆளில்லை. வளமான ஊர்களில் பழைய நவீனம் முதலில் அழிகிறது. வாடிய ஊரில் அது தூசி படிந்து காத்திருக்கிறது. 1990களில் வந்தவர்கள், அவர்களில் ஓரினச்சேர்க்கையாளர்கள் கணிசமானவர்கள், மலிவாகக் கிடந்த இந்த வீடுகளை வாங்கித் தம் கையாலேயே சீரமைத்தார்கள். வல்லுநர் குழுவோ அரசு ஆணையோ வருவதற்கு முன்பே, அன்பு காரணமாகச் சிலர் தொடங்கிய வேலை இது. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

காஃப்மன் இல்லத்தின் மீட்பு அந்த உழைப்பின் உச்சம். கைமாறிக் கைமாறி, கூடுதல் அறைகள் ஒட்டவைக்கப்பட்டு, உள்முற்றம் அடைக்கப்பட்டு உருக்குலைந்திருந்த வீட்டை 1993இல் ஒரு தம்பதியர் வாங்கினார்கள். மார்மல் ராட்சினர் என்ற கட்டடக்கலை நிறுவனம் பல ஆண்டுகள் அதில் வேலை செய்தது. முதலில் கல் எடுத்த யூட்டா மாநிலக் குவாரியிலிருந்தே மறுபடியும் கல் வரவழைத்தார்கள். கூரை விளிம்பின் உலோகத் தகட்டை அதே மடிப்போடு செய்ய அதற்கான இயந்திரத்தையே தேடி வாங்கினார்கள். தனியார் வீடொன்றுக்கு இவ்வளவு பொறுமை செலவிடப்பட்டது அரிது; நவீனக் கட்டடத்தைக் கோயிலைப் போல், அரண்மனையைப் போல் கவனித்து மீட்க முடியும் என்பதை அது உலகுக்குக் காட்டியது.

அமைப்புகள் பிறகு வந்தன. 1997இல் பாம் ஸ்பிரிங்ஸ் பாதுகாப்பு அறக்கட்டளை. 1999இல், ஃப்ரே 1955இல் கட்டிய தீயணைப்பு நிலையத்தை இடிக்கும் யோசனையை எதிர்க்கக் கூடியவர்கள் தொடங்கிய நவீனக் குழு. ஊர் நுழைவாயிலில், பறக்கத் தயாரான சிறகாகக் கூரை நீட்டிக்கொண்டிருக்கும் ஃப்ரேயின் 1965ஆம் ஆண்டுப் பெட்ரோல் பங்க் அழிவின் விளிம்புக்குப் போய் மீண்டு, 2003 முதல் நகரின் வருகையாளர் மையமாக இருக்கிறது. 2006இல் தொடங்கிய நவீனத்துவ வாரம் இன்று ஆண்டுதோறும் பிப்ரவரியில் பெருந்திரளை ஈர்க்கிறது. சட்டப் பக்கத்தில், கலிஃபோர்னியாவின் 1972ஆம் ஆண்டு மில்ஸ் சட்டம் கைகொடுக்கிறது. மரபுச் சின்னமாகப் பதிவான வீட்டின் உரிமையாளர் அதைப் பழுதுபார்த்துப் பேணுவதாகப் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டால் சொத்துவரி குறையும். ஒப்பந்தம் ஆண்டுதோறும் தானாகவே நீளும். தடை போடுவதோடு பேணுபவருக்கு ஆதாயமும் கொடுக்கும் இந்த ஏற்பாடு, எனக்குத் தெரிந்த பாதுகாப்புச் சட்டங்களில் நடைமுறைக்கு மிகவும் ஒத்துவருவது.

இனி என் மனக்குறைகள்.

காஃப்மன் இல்லத்தை மீட்டவர்கள் பெரிதும் நம்பியிருந்தது ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த புகைப்படங்களை. 1947இல் அந்தி வெளிச்சத்தில் அவர் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது: பின்னால் கருநீல மலை, நடுவே ஒளிரும் வீடு, முன்னால் குளத்தோரம் சாய்ந்திருக்கும் காஃப்மனின் மனைவி. குளத்து விளக்கின் ஒளி படத்தைக் கெடுக்காமல் மறைப்பதற்காகவே அவரை அங்கே சாய்ந்திருக்கச் சொன்னார் ஷுல்மன். அந்தப் படம் ஒரு கணத்தின் மிகத் திறமையான அமைப்பு. பாம் ஸ்பிரிங்ஸில் ஒவ்வொரு வீட்டையும் அத்தகைய ஒரு கணத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவதே பாதுகாப்பு என்ற எண்ணம் மெல்ல நிலைபெற்றுவிட்டது. ஆனால் ஃப்ரே தன் முதல் வீட்டை 1940இல் கட்டி, 1953இல் அதன் தலைமேல் வட்ட வடிவில் இரண்டாம் மாடி வைத்து அடியோடு மாற்றியவர். சோதித்துப் பார்ப்பதும், பிழை கண்டால் திருத்துவதும், புதுப்பொருள் வந்தால் எடுத்தாள்வதும் அந்தத் தலைமுறையின் மூச்சு. அவர்கள் விட்டுப்போனதை ஓர் ஆண்டில் உறையவைப்பது உருவத்துக்கு விசுவாசம். அவர்களின் சிந்தனைக்கு அது துரோகமாகவும் ஆகக்கூடும்.

இது தத்துவச் சிக்கல் மட்டும் என்று தள்ளிவிட முடியாது. 2024 ஜூலை 5 அன்று பாம் ஸ்பிரிங்ஸில் 124 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது, அதாவது 51 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அந்த ஊர் கண்ட உச்சம் அது. காஃப்மன் தன் வீட்டைக் கேட்டதே குளிர்காலத்தில் வந்து தங்கிப்போகத்தான். அலெக்சாண்டர் வீடுகளின் மெல்லிய கூரைக்கும் ஒற்றைக் கண்ணாடிக்கும் பின்னால் நின்றது மலிவான மின்சாரமும் ஓயாமல் ஓடும் ஏசியும். அந்தக் கூரைகளை மெல்லியதாகவே வைத்திருக்க வேண்டும், அந்தக் கண்ணாடியை ஒற்றையாகவே விட வேண்டும் என்று ரசனையின் பெயரால் வற்புறுத்துவது, கோடையிலும் அங்கேயே வாழ்பவருக்குச் செய்யும் அநீதி. இரட்டைக் கண்ணாடி, கூரைக்குள் வெப்பத்தடுப்பு, கண்ணில்படாத சூரியத் தகடு ஆகியவற்றைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும். கொஞ்சம் கண்ணில்பட்டாலும் அனுமதிக்க வேண்டும் என்பேன். ஓராண்டு வெயிலை அளந்துவிட்டுக் கட்டிய ஃப்ரே இன்று இருந்திருந்தால் மறுபடியும் அளந்திருப்பார். இடிக்காமல் வைத்திருப்பதே ஆற்றலைச் சேமிப்பது, புது வீடு கட்டச் செலவாகும் சிமெண்டும் எஃகும் மிச்சம் என்ற வாதம் உண்மைதான். மிச்சம் பிடித்ததை ஏசியில் கரைக்காதவரை.

நடுத்தர மக்களுக்காகக் கட்டிய அலெக்சாண்டர் வீடுகள் இப்போது சர்வசாதாரணமாக மில்லியன் டாலரைத் தாண்டி விலைபோகின்றன. பல வீடுகள் விடுமுறைக்கு வருபவர்களுக்கு நாள்வாடகையில் ஓடுகின்றன. குடியிருப்புப் பகுதிகளில் இதைத் தடைசெய்யும் முன்மொழிவை 2018இல் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். 2022இல் நகரசபை ஒவ்வொரு பகுதியிலும் வீடுகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இப்படிப் போகக் கூடாது என்று வரம்பு கட்டியது. இதற்கெல்லாம் பாதுகாப்பு இயக்கத்தையே குற்றவாளியாக்குவது நியாயமாகாது. ஆயினும் கிரைசலின் சாதனையில் பாதி அந்தக் கூரைகள், மறுபாதி அந்த விலை. முதல் பாதியைப் பேணிவிட்டு மொத்தத்தையும் பேணிவிட்டதாகச் சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் கனமான கேள்வி நிலத்தைப் பற்றியது. பாம் ஸ்பிரிங்ஸ் நகரம் கவீயா மக்களின் அகுவா கலியன்டே பழங்குடிக் குழுவின் மண்ணில் இருக்கிறது. 1870களில் அமெரிக்க அரசு இந்தப் பகுதியைச் சதுர மைல் சதுர மைலாகப் பிரித்து, ஒற்றைப்படைக் கட்டங்களை ரயில் நிறுவனத்துக்கும், இரட்டைப்படைக் கட்டங்களைப் பழங்குடியினருக்கும் என்று சதுரங்கப் பலகைபோலப் பங்கிட்டது. பழங்குடிக் காப்புநிலம் ஏறத்தாழ 31,500 ஏக்கர். அதில் 14ஆம் கட்டம் நகர மையத்தை ஒட்டியது. ஊருக்குப் பெயர் தந்த வெந்நீர் ஊற்று அங்கேதான் இருக்கிறது. நிலத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் நெடுங்காலம் தடுத்ததால் பெரிய முதலீடு எதுவும் வரவில்லை. மனையை வாடகைக்கு எடுத்துத் தாங்களே வீடு கட்டிக்கொண்டவர்கள் உழைப்பாளிகள்: கறுப்பின மக்கள், மெக்சிக்க வம்சாவளியினர், பழங்குடியினர். ஹோட்டல் பணியாளர், வீட்டுவேலை செய்தவர், தோட்டக்காரர், தச்சர், கொத்தனார். இன அடிப்படையிலான பத்திரக் கட்டுப்பாடுகளால் ஊரின் பிற பகுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கண்ணாடி வீடுகளைக் கட்டிய, துடைத்த, தோட்டம் போட்ட கைகள் பெருமளவுக்கு இவர்களுடையவை.

1959இல் அமெரிக்கக் காங்கிரஸ் 99 ஆண்டுக் குத்தகையை அனுமதித்ததும் அந்தச் சதுர மைலின் மதிப்பு விண்ணுக்கு ஏறியது. பழங்குடியினரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர்களும் நகராட்சியும் குடியிருப்பவர்களை வெளியேற்றினார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. நகரின் தீயணைப்புத் துறையே எரித்தது. 1968இல் கலிஃபோர்னிய அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் அறிக்கை நகராட்சியை மிகக் கடுமையாகக் கண்டித்தது. ஒருவர் மீதும் வழக்கு வரவில்லை.

அந்த ஆண்டுகளில் ஊர் என்ன கட்டிக்கொண்டிருந்தது என்று பார்த்தால் மனம் நிலைகொள்ளாமல் போகிறது. நகரமன்றம் ஃப்ரேயும் அவர் கூட்டாளிகளும் கட்டியது. வீடுகளை எரித்த துறைக்கு 1955இல் தலைமை நிலையம் கட்டித் தந்ததும் ஃப்ரேதான். நவீனக் குழு பிறந்தது அதே நிலையத்தைக் காக்க. கலைஞரின் மேல் பழி போட நான் இதைச் சொல்லவில்லை. அந்தத் தீயணைப்பு நிலையம் காக்கப்பட்டது நல்லதே. ஆனால் அதன் வாசலிலிருந்து துறையின் வண்டிகள் எங்கே போயின என்பதும் அதன் வரலாறுதான். நெடுங்காலம் ஊரின் பெருமைப் பேச்சில் கூரை விளிம்பும் உலோகத் தகடும் இடம்பெற்ற அளவுக்கு இது இடம்பெறவில்லை.

அதே 14ஆம் கட்டத்தில், வெந்நீர் ஊற்றின்மேல், நீண்டகாலக் குத்தகைக்கு வழி திறந்த அந்த ஆண்டுகளில் எழுந்தது ஸ்பா குளியலகம். வெக்ஸ்லர், ரிச்சர்ட் ஹாரிசன், வில்லியம் கோடி எனப் பள்ளத்தாக்கின் முன்னணிக் கலைஞர்கள் கூடிச் செய்த வேலை. சின்னச் சின்னக் கான்கிரீட் குவிமாடங்கள் வரிசையாக நிழல் தரும் நடைவழி அதன் அழகு. 2014இல் பழங்குடி நிர்வாகம் அதையும் பின்னால் வந்த ஹோட்டலையும் இடித்தது. பாதுகாப்பு ஆர்வலர்கள் மிகவும் வருந்தினார்கள். காப்புநிலத்தில் நகரின் மரபுச் சட்டம் செல்லாது என்பதால் எதுவும் செய்ய இயலவில்லை. 2023இல் அங்கே பழங்குடியினரின் பண்பாட்டு வளாகம் திறந்தது: அவர்கள் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமும், ஊற்றுக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயரையே சூடிய புதிய குளியலகமும்.

அந்த நடைவழி போனது இழப்பே. படங்களில் பார்க்கும்போதே ஏக்கம் வருகிறது. ஆனாலும் மாஸ்லன் இல்லத்தின் இடிப்பையும் இதையும் ஒரே தட்டில் வைக்க நான் உடன்பட மாட்டேன். ஒன்றில், பணம் இருந்தவர் பொதுச் செல்வம் ஒன்றைத் தன் வசதிக்காக அழித்தார். மற்றதில், தங்கள் நிலத்தை நிர்வகிக்கும் உரிமையை அந்நியரிடம் இழந்திருந்த மக்கள், அந்தக் காலத்தின் நினைவுச்சின்னத்தைத் தங்கள் ஊற்றின்மேல் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்தார்கள். கட்டடத்தின் தரத்தை மட்டும் அளக்கும் பாதுகாப்பு முறையிடம் இந்த வேறுபாட்டைச் சொல்ல அளவுகோல் இல்லை. அதன் பெரிய குறை என்று நான் கருதுவது இதுதான். எந்த நூற்றாண்டு, எந்தக் கலைஞர், எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்று அது கேட்கிறது. யாருடைய மண், யார் கட்டினார், யாரை அகற்றியபின் கட்டினார்கள் என்ற கேள்விகளுக்கு அதன் படிவத்தில் இடமே இல்லை.

மாற்றத்துக்கான அறிகுறிகள் உண்டு. கறுப்பினக் கட்டடக் கலைஞர் பால் வில்லியம்ஸ், குவின்சி ஜோன்ஸுடன் சேர்ந்து வடிவமைத்த 1948ஆம் ஆண்டு டவுன் அண்ட் கன்ட்ரி வணிக மையத்தை மறுசீரமைப்புத் திட்டமொன்று விழுங்கப் பார்த்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2016இல் அது முதல்வகுப்பு மரபுச் சின்னமானது. 2021இல் நகரசபை 14ஆம் கட்ட வெளியேற்றத்துக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. வெளியேற்றக் காலத்து மேயர் ஃபிராங்க் போகர்ட்டின் சிலை நகரமன்றத்தின் முன்னிருந்து 2022இல் அகற்றப்பட்டது. 2024 நவம்பரில் வெளியேற்றப்பட்டவர்களுக்கும் வாரிசுகளுக்கும் 59 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு நகரசபை ஒப்புதல் தந்தது.

பாதுகாப்பு இயக்கம் செய்யக்கூடிய அடுத்த வேலை இங்கே இருக்கிறது. வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் பல ஊரின் வடகோடியில் டெசர்ட் ஹைலேண்ட் பகுதியில் குடியேறின. கறுப்பினத் தொழில்முனைவோர் லாரன்ஸ் கிராஸ்லி உருவாக்கிய குடியிருப்பும் அதே பத்தாண்டுகளைச் சேர்ந்தது. அதற்கும் நகராட்சியின் கோல்ஃப் மைதானத்துக்கும் நடுவே மதில்போல வளர்ந்து மறைத்திருந்த டாமரிஸ்க் மர வரிசையை அகற்ற நகரம் முன்வந்தது 2018இல்தான். இந்தத் தெருக்களின் எளிய வீடுகளும் நடு நூற்றாண்டு வீடுகளே. புகழ்பெற்ற பெயர் எதுவும் அவற்றில் இல்லாததால் சுற்றுலாப் பேருந்து அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவற்றை அளந்து, படமெடுத்து, பதிவேட்டில் ஏற்றவும், உரிமையாளர்கள் விரும்பினால் மில்ஸ் சட்ட வரிச்சலுகையை அவர்களுக்கும் கொண்டுசேர்க்கவும் இந்த இயக்கத்திடம் தேவையான திறமை எல்லாம் இருக்கிறது. 14ஆம் கட்டத்தில் காக்க ஒரு வீடும் மிஞ்சவில்லை. எந்தத் தெருவில் யார் வீடு இருந்தது, எந்த மரத்தடியில் தேவாலயம் நின்றது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்; சிறுவயதில் அங்கிருந்து துரத்தப்பட்ட அவர்களுக்கு இப்போது வயது எழுபது, எண்பது. காஃப்மன் இல்லத்துக்காகக் குவாரி தேடிப்போன அதே பொறுமையோடு அவர்களிடம் கேட்டு, அந்தச் சதுர மைலின் வரைபடத்தை மனை மனையாக வரைந்துவிட வேண்டும்.